காக்கை வன்னியன்: ஒரு பழிப்பெயரின் வரலாறு

ஒடுக்கப்பட்ட சமூகம் தன்னுள் ஒருவரைக் கடிந்துரைக்கும் சொற்களுள் மிகக் கொடியது, அவரை எதிரிக்கு விலைபோனவர் எனச் சுட்டும் சொல்லாகும். வன்னி வழக்கில் அது ஓர் ஆட்பெயராகவே நிலைபெற்றுள்ளது. காட்டிக்கொடுப்பவன் எவனும் அங்கு ‘காக்கை வன்னியன்’ எனப்படுவான். இப்பெயரின் வரலாறு, இத்தகைய பழிச்சொற்கள் தொழிற்படும் முறையை விளக்கவல்லது.

பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தான். அதனைக் குறித்து அங்கு நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டு தோல்வியை மட்டுமே கூறிற்று. காட்டிக்கொடுத்தவர் எவரையும் கூறவில்லை. செவிவழிக் கதையோ, பண்டாரவன்னியனின் தங்கையை மணக்க விரும்பி ஏமாந்த காக்கை வன்னியனே அவனைக் காட்டிக்கொடுத்தான் என்கிறது.

ஆயின் இப்பெயர் அதற்கு முன்னரே எழுத்திற் பதிவானது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக்கொடுத்தவனாகக் காக்கை வன்னியன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. ஒரே பெயருடைய இருவர், வெவ்வேறு காலங்களில் ஒரே குற்றத்தைச் செய்தனர் என்பதினும், பழிப்பெயர் ஒரு தோல்வியிலிருந்து மற்றொரு தோல்விக்கு இடம்பெயர்ந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். படைவலுவின் ஏற்றத்தாழ்வை ஆராய்வதிலும், உள்ளிருந்த ஒருவனைக் குற்றஞ்சாட்டுதல் எளிது.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழங்கும் ‘அங்கிள் ரொம்’ என்னும் வசையும் இத்தகையதே. வெள்ளையருக்குக் குழைபவனை அது குறிக்கும். ஆனால் ஹரியற் பீச்சர் ஸ்ரோவின் 1852ஆம் ஆண்டு நாவலில், தப்பியோடிய அடிமைப் பெண்கள் இருவரைக் காட்டிக்கொடுக்க மறுத்தமைக்காகவே ரொம் அடித்துக் கொல்லப்படுகிறான். மேடை நாடகங்கள் அவனை உருமாற்றின, வசையே எஞ்சிற்று.

இவ்வாறு சான்றினின்றும் விடுபட்ட சொல்லை எவர்மீதும் ஏவலாம். 1970களில் தமிழ் அரசியல் மேடைகளில் ‘துரோகி’ என்னும் சொல் ஓயாது ஒலித்தது. 1975 யூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். அம்மேடைகளின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரான அ. அமிர்தலிங்கமும் 1989 யூலை 13இல் அதே பழி சுமந்து கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில், முல்லைத்தீவு உட்பட வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தனியாள்மீது சுமத்தப்பட்ட பழி ஒரு சமூகம் முழுவதன்மீதும் விழுந்தது.

காட்டிக்கொடுத்தல் என ஒன்று இல்லை என்பது நமது வாதமன்று. குற்றச்சாட்டெனில், இன்னார் இன்னது செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். சாட்டப்பட்டவர் மறுமொழி கூற இடமும் வேண்டும். பழிப்பெயர் இவ்விரண்டையும் ஒருங்கே மறுக்கிறது. காக்கை வன்னியன் குற்றவாளியா என்பதை இனித் துணிதல் அரிது. ஆனால் 1990இல் ஊரிழந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள்மீது எழுதப்பட்ட தீர்ப்பை மீளாய்வு செய்தல் நமக்கு இயலும். அது நமது கடனுமாகும்.