ஊருக்கொரு கணினி – 9: மாடிப்படி உச்சியில் ஒரு தட்டச்சுப் பொறி

பொதுக் கணினி ஒன்றை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்தால், முதலில் வாடகையைப் பேசுவார்கள். அடுத்து மின்சாரம். அதற்கடுத்து இணைப்பு. யார் வண்டி கொண்டுவருவது, எந்த ஞாயிற்றுக்கிழமை தூக்குவது என்று முடிவாகிக் கூட்டம் கலைந்துவிடும். புது இடத்தின் வாசலை யார் தயங்காமல் தாண்டுவார்கள், யார் தெருவிலேயே நின்றுவிடுவார்கள் என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதே இல்லை. என்னைக் கேட்டால் கூட்டத்தை அந்தப் பேச்சில்தான் தொடங்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் அப்படித்தான் யோசித்தார்கள்.

1970இல் அமெரிக்கப் படை கம்போடியாவுக்குள் நுழைந்தது. அதை எதிர்த்து அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கொதித்தன. பெர்க்லியில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த சிலர் வளாகத்தைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் பாம் ஹார்ட். அரசிடமும் பெருநிறுவனங்களிடமும் இருக்கும் கணினி, போருக்கு எதிராக வேலை செய்பவர்களுக்கும், மருத்துவமனை தேடி அலையும் ஏழைக்கும், வீடு தேடும் மாணவனுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவர்கள் கேள்வி. 'ரிசோர்ஸ் ஒன்' என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்றில் கலைஞர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து 'புராஜெக்ட் ஒன்' என்ற கூட்டுக் குடியிருப்பை அமைத்திருந்தார்கள். குழு அங்கே போய்ச் சேர்ந்தது.

இடம் கிடைத்துவிட்டது. கணினி இல்லை. பாம் ஹார்ட் நிறுவனம் நிறுவனமாகக் கேட்டார். கடைசியில் டிரான்ஸ்அமெரிக்கா குத்தகை நிறுவனத்திடம் சும்மா கிடந்த எஸ்.டி.எஸ். 940 ஒன்றை நீண்டகால இரவலாகப் பெற்றார். 1972இல் அது மிட்டாய் ஆலைக்குள் வந்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எஸ்.டி.எஸ். 930 என்ற கணினியை எடுத்துக்கொண்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'புராஜெக்ட் ஜீனி' குழு ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும்படி மாற்றி அமைத்தது. அதைத்தான் எஸ்.டி.எஸ். நிறுவனம் 1966இல் 940 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் 'மவுஸ்' என்ற கருவியை உலகுக்குக் காட்டியபோது பின்னால் இயங்கியதும் இதே வகைக் கணினிதான். ஒருவர் தட்டிவிட்டு யோசிக்கும் இடைவெளியில் இன்னொருவருக்கு வேலை செய்யும் கணினி என்பதால், ஊர்ப் பொதுவுக்கு அது பொருத்தமானது. ஆறே ஆண்டுகளில் சந்தையில் அதற்கு மதிப்புப் போய்விட்டது. அதனால்தான் இவர்கள் கைக்கு வந்தது.

இன்று ஒரு சர்வரைக் கழற்றிக் காரின் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுபோய்விடலாம். அந்தக் காலத்துக் கணினி ஆளுயர இரும்பு அலமாரிகளின் வரிசை. அதை இடம் மாற்றும் வேலையில் பாதி, அது வந்து சேர்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தரை எடையைத் தாங்குமா, அலமாரி நுழையும் அகலம் எல்லாக் கதவுக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். கேபிள்கள் ஓடுவதற்குத் தரைக்கு மேல் இன்னொரு தரை எழுப்ப வேண்டும். டன் கணக்கில் குளிரூட்டல் வேண்டும். கட்டடத்தின் பழைய வயரிங்கை நம்பாமல் தனி மின்வழி இழுத்து, தனி எர்த் போட வேண்டும். கழற்றும்போது ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்ட வேண்டும். ஒரு முனையில் மட்டும் எழுதியவர்கள் பிறகு இரவெல்லாம் விழித்திருப்பார்கள். வட்டுகளைப் படித்தெழுதும் முனைகளை அசையாமல் பூட்ட வேண்டும். தரவை நாடாவில் நகல் எடுத்து, அந்த நாடாவை வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். புது இடத்தில் முதலில் குளிரூட்டியை ஓடவிட்டு, மின்னழுத்தத்தை அளந்து, நினைவகத்தைச் சோதித்து, அதன்பிறகுதான் வட்டைச் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவிடக் கூடாது. இந்த ஒழுங்கு இன்றைய சிறிய கணினிக்கூடத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். நூலகக் கணினிகளை மாற்றப்போகிறவர்கள் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

கணினி ஓடத் தொடங்கியது. ஆனால் அதைத் தேடி ஆலைக்குள் யார் வருவார்கள்? அங்கே குடியிருந்தவர்களும் அவர்களின் நண்பர்களும் வந்தார்கள். ஊர் வரவில்லை. ஓர் அமைப்பு எவ்வளவு திறந்த மனத்தோடு நடந்தாலும், பழக்கமில்லாதவருக்கு அதன் படிக்கட்டு உயரமாகத்தான் தெரியும்.

லீ ஃபெல்சன்ஸ்டீன், எஃப்ரெம் லிப்கின், மார்க் ஸ்பகோவ்ஸ்கி, ஜூட் மில்ஹன் முதலியோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அலமாரிகளை இன்னொரு முறை பெயர்க்க வேண்டியதில்லை. கணினியோடு பேசும் முனையத்தை மட்டும் ஊருக்குள் கொண்டுபோய் வைத்துத் தொலைபேசிக் கம்பியில் இணைத்தால் போதும். இந்த முயற்சிக்கு 'கம்யூனிட்டி மெமரி' என்று பெயர். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த யோசனை, கணினி என்றாலே பூட்டிய குளிரறை என்றிருந்த அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல்.

இடத்தை அவர்கள் தேர்ந்த விதத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பல்கலைக்கழக வளாகத்துக்குள் வைத்திருக்கலாம். அங்கே வசதி இருந்தது. ஆனால் 1964இல் அதே பெர்க்லியில் பேச்சுரிமைப் போராட்டம் நடந்தபோது, மாணவர்கள் கணினியின் துளையட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மனிதனை எண்ணாக்கும் இயந்திரம் என்று கணினியை அவர்கள் வெறுத்தார்கள். ஃபெல்சன்ஸ்டீன் அந்தப் போராட்டத்தில் இருந்தவர். அந்த வெறுப்பு அவருக்குத் தெரியும். ஆகவே மக்கள் ஏற்கெனவே தகவல் தேடி வந்துபோகும் இடமாகப் பார்த்தார்கள். மாணவர்களே நடத்திய 'லியோபோல்ட்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடையில் மாடிப்படி உச்சியில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. கிட்டார் விற்பனைக்கு, டிரம்ஸ் வாசிப்பவர் தேவை என்று இசைக்கலைஞர்கள் அதில் துண்டுச்சீட்டுகளைக் குத்திவிட்டுப் போவார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் 1973 ஆகஸ்ட் 8 அன்று முனையத்தை வைத்தார்கள்.

அது 'டெலிடைப் 33' என்ற தட்டச்சுப் பொறி. நொடிக்குப் பத்து எழுத்து அச்சடிக்கும். சத்தம் காதைத் துளைக்கும். கடையில் பாட்டுக் கேட்க வருபவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கை நுழைய ஓட்டை போட்டு, மேலே தெளிவான பிளாஸ்டிக் போட்டார்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு தன்னார்வலர் நிற்பார். சேர்ப்பதற்கு ஒரு கட்டளை, தேடுவதற்கு ஒரு கட்டளை என்று வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பார். மக்கள் எதிர்ப்பார்கள் என்று எண்ணியிருந்தார்கள். வந்தவர்கள் ஆவலோடு விசைகளைத் தட்டினார்கள்.

வேலை, வீடு, பழைய கார் என்றுதான் தகவல்கள் வரும் என்பது குழுவின் கணிப்பு. அவையும் வந்தன. இசைக்கலைஞர்கள் பலகையைவிட்டு இதற்கு மாறினார்கள். கவிதை எழுதினார்கள். 'டாக்டர் பென்வே' என்ற புனைபெயரில் ஒருவர் வந்து விசித்திரமான செய்திகளை விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெயரில் மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு வந்த பதில்களில் ஒன்று, முன்னாள் ரொட்டிக்காரர் ஒருவர் அதைச் செய்யவே கற்றுத்தருவார் என்றது. ஒரு கேள்விக்குக் கடை முகவரியும் கிடைக்கலாம், ஓர் ஆசானும் கிடைக்கலாம் என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதி வைத்திருக்க முடியாது.

பின்னர் முனையத்தை லியோபோல்ட்ஸிலிருந்து, பெர்க்லியிலேயே 'ஹோல் எர்த் ஆக்சஸ்' என்ற கடைக்கு மாற்றினார்கள். இன்னொன்றைச் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதிப் பொது நூலகக் கிளையில் வைத்தார்கள். மிஷன் பகுதியில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் நிறைய. முனையத்தின் கட்டளைகளோ ஆங்கிலம். அங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தவர்களின் மனம் பெரிது. ஆனாலும் இடத்தோடு மொழியும் மாறாவிட்டால் இடமாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. தமிழில் விசைப்பலகை பழக்காமல் கிராமத்துக்குக் கணினி கொடுத்த நம் திட்டங்கள் பலவற்றிலும் நடந்தது இதுதான்.

1975 ஜனவரியில் எல்லாம் நின்றது. முனையங்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அவை சார்ந்திருந்த அந்தப் பெரிய இயந்திரத்தைப் பராமரிக்கும் செலவு குழுவின் சக்திக்கு மிஞ்சியது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இப்படியொன்று வேண்டும் என்றால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு 940 கிடைக்காது. ரிசோர்ஸ் ஒன்னில் தொடர்ந்த பெண்கள் அந்த இயந்திரத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். நகரின் சமூக நல அமைப்புகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றி, கையேடாக அச்சிட்டு, நூலகங்களுக்கும் உதவி மையங்களுக்கும் அனுப்பினார்கள். முனையம் போக முடியாத இடத்துக்குக் காகிதம் போனது. வரலாற்றில் இவர்களுக்குக் கிடைத்த வரிகள் மிகக் குறைவு, அது நியாயமில்லை.

ஃபெல்சன்ஸ்டீன் வேறு திசையில் யோசித்தார். இவான் இலிச் எழுதிய 'டூல்ஸ் ஃபார் கன்விவியாலிட்டி' அவரை மிகவும் பாதித்திருந்தது. பயன்படுத்துகிறவரே திறந்து பார்த்து, பழுது நீக்கி, விரிவாக்கிக்கொள்ளும் முனையம் ஒன்றை அவர் காகிதத்தில் வடிவமைத்தார். 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் கார்டன் பிரெஞ்சு என்பவரின் கார் கொட்டகையில் கணினி ஆர்வலர்களின் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' கூடியபோது அவரும் இருந்தார். கூட்டம் பெருகி ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி மையத்து அரங்குக்கு மாறியது. அங்கே கூட்டங்களை நெறிப்படுத்தியவர் அவரே. ஸ்டீவ் வாஸ்னியாக் முதல் ஆப்பிள் கணினியைக் காட்டியது இந்தக் கிளப்பில்தான்.

கம்யூனிட்டி மெமரி 1984இல் பெர்க்லியில் மறுபடி வந்தது. இம்முறை சிறிய கணினிகள், குழு தானே எழுதிய மென்பொருள். வைத்த இடங்களைப் பாருங்கள்: கூட்டுறவுப் பலசரக்கு அங்காடி, 'லா பென்யா' என்ற லத்தீன் அமெரிக்கப் பண்பாட்டு மையம், பழைய லியோபோல்ட்ஸ். படிக்கக் காசில்லை, எழுத மட்டும் 25 சென்ட் நாணயம். 1992 வரை அந்தக் குழு நீடித்தது.

நம் பக்கத்தில் 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, இடத்தை ஊரார்தான் தர வேண்டும் என்றது. சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனையை நான் தொழில்நுட்ப நிபந்தனையாகவே கருதுகிறேன். ஒரு பகுதி மக்கள் நுழையாத அறையில் இருக்கும் கணினிக்குப் பாதி ஊரைப் பற்றி எதுவும் தெரியாது. 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு மீனவர் கிராமத்துக்கு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சுனாமி எச்சரிக்கை வந்தபோது, அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவிக்க முடிந்தது. மக்கள் கரையைவிட்டு ஓடினார்கள். மையம் ஊரின் நடுவே, ஊராரின் கையிலேயே இருந்ததால்தான் அது நடந்தது.

உங்கள் ஊரில் நூலகத்தின் கணினியோ, இளைஞர் மன்றத்தின் கணினியோ இடம் மாறப்போகிறது என்றால், புது இடத்தின் வாசலில் ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை நின்று பாருங்கள். பெண்கள் வருகிறார்களா, சேரித் தெருக்காரர்கள் தயங்காமல் படியேறுகிறார்களா, முழங்கால் வலிக்கும் முதியவர் மாடி ஏற முடியுமா, மாலை ஆறு மணிக்குமேல் பள்ளிப் பிள்ளைகள் வந்துபோக விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு வாடகையைப் பேசுங்கள். பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: வில்லியனூரிலிருந்து கிளம்பிய வானொலி அலைகள்)