எஸ் எழுத்துக்கு முன்னா, பின்னா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இரவு ஷிப்டில் ஒரு சின்ன இமெயில் அனுப்பினேன். டேட்டாவை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றியபோது பல வாடிக்கையாளர்களின் முகவரியில் ஒரு வரி விடுபட்டுவிட்டது. காலையில் கடிதங்கள் அச்சுக்குப் போகுமுன் அவற்றைச் சரி செய்ய வேண்டும். மாதிரிக்கு ஒரு கஸ்டமர் எண்ணைக் கொடுத்து, "கஸ்டமர்'ஸ் அட்ரஸ்" தவறாக உள்ளது, திருத்தவும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எதிர்முனையில் இருந்தவர் அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்திவிட்டு, முடிந்தது என்று பதில் அனுப்பிவிட்டார். நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் அரைகுறை முகவரியோடு தபாலில் போய்விட்டன.

மறுநாள் டீம் லீடர் என் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, ஒரு கஸ்டமரா, ஊர்ப்பட்ட கஸ்டமரா? நீ எழுதினதைப் பார்த்தா ஒருத்தர்தானே?"

அவர் சொன்னது சரி. எஸ் எழுத்துக்கு முன்னால் அந்தச் சிறிய மேற்குறி, அதாவது அபாஸ்ட்ரபி, நின்றால் ஒருவருடையது. எஸ்ஸுக்குப் பின்னால் நின்றால் பலருடையது. நான் எழுதியிருக்க வேண்டியது "கஸ்டமர்ஸ்' அட்ரஸ்". (ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். குறி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.)

என்னுடைய தவறு தபால் செலவோடு போயிற்று. ஆஸ்திரேலியாவில் ஒருவர் இதே குறியால் நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ரியல் எஸ்டேட் தொழிலில் இருந்த அவர், 2020 அக்டோபரில் பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். தன் பழைய முதலாளி கோடிக்கணக்கில் வீடு விற்கிறார், ஆனால் ஊழியருக்குரிய ஓய்வுக்காலச் சேமிப்புத் தொகையைக் கட்டவில்லை என்பது அதன் பொருள். நம் ஊர் பி.எப். போன்ற தொகை அது. பதிவில் "எம்ப்ளாயீஸ்" என்ற சொல்லில் அபாஸ்ட்ரபி எங்குமே இல்லை. முதலாளி அவதூறு வழக்குப் போட்டார். இது அற்ப விஷயம், தள்ளுபடி செய்யுங்கள் என்று பதிவிட்டவர் தரப்பு கேட்டது. 2021 அக்டோபரில் மாவட்ட நீதிமன்ற நீதிபதி அதை ஏற்கவில்லை. ஒரு ஊழியருக்குக் கட்டாமல் போனால் ஏதோ நேர்ந்துவிட்டது எனலாம், பலருக்கும் கட்டவில்லை என்றால் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. வழக்கு நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஏன் இதில் இவ்வளவு பேர் தடுமாறுகிறார்கள்? காது உதவி செய்யாததுதான் காரணம். கஸ்டமர்கள், கஸ்டமருடைய, கஸ்டமர்களுடைய என்ற மூன்றும் ஆங்கிலத்தில் உச்சரிப்பில் ஒன்றுதான். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. தமிழில் அந்தக் குழப்பமே கிடையாது. முதலில் "கள்", அதன் பின் "உடைய". நான் இப்போது பின்பற்றும் வழியும் இதுவே. எழுத வேண்டியதை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். "கள்" வருகிறதா? அப்படியானால் முதலில் ஆங்கிலப் பன்மையை முழுதாக டைப் செய்வேன். அது எஸ்ஸில் முடிந்தால் அதன் பின்னால் வெறும் குறி மட்டும். எஸ்ஸில் முடியாவிட்டால் குறியும் எஸ்ஸும். மென், விமன், சில்ட்ரன் ஆகியவை இந்த இரண்டாவது வகை. எனவே "சில்ட்ரன்'ஸ் பார்க்" என்பதே சரி. பலகைகளில் எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட்டிருந்தால் அது பிழை.

இந்த வழி காலை வாரும் இடங்களும் உண்டு. எண் வந்தால் தமிழில் நாம் "கள்" போடுவதில்லை. இரண்டு மாதச் சம்பளம், பத்து வருட அனுபவம் என்கிறோம். ஆங்கிலத்தில் அவையும் பன்மை உடைமைதான். ராஜினாமாக் கடிதத்தில் ஒரு மாதம் என்றால் "ஒன் மன்த்'ஸ் நோட்டீஸ்", இரண்டு மாதம் என்றால் "டூ மன்த்ஸ்' நோட்டீஸ்". பயோடேட்டாவில் "டென் இயர்ஸ்' எக்ஸ்பீரியன்ஸ்". எனக்கு வரும் பயோடேட்டாக்களில் இந்தக் குறியைச் சரியாகப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்காக யாரையும் நான் நிராகரித்ததில்லை, என் கதைதான் தெரியுமே!

விழா நாட்களிலும் இதே சிக்கல். செப்டம்பர் 5 நமக்கு ஆசிரியர் தினம். தமிழில் "கள்" இல்லை, ஆங்கிலத்திலோ பலருக்கும் உரியதாக "டீச்சர்ஸ்' டே". அன்னையர் தினம் இதற்கு நேர் எதிர். தமிழில் பன்மை. ஆங்கிலத்தில் "மதர்'ஸ் டே" என்று ஒருமை. அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ், ஒவ்வொருவரும் தம் தாயைப் போற்ற வேண்டும் என்று ஒருமையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். அமெரிக்க அரசின் "வெட்டரன்ஸ் டே" என்ற முன்னாள் படைவீரர் நாளில் குறியே கிடையாது.

பள்ளிப் படிவங்களையும் கவனியுங்கள். "பேரன்ட்'ஸ் சிக்னேச்சர்" என்றால் பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். "பேரன்ட்ஸ்' சிக்னேச்சர்" என்றால் அப்பா, அம்மா இருவரும் போட வேண்டும் என்று ஆகிறது.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பாதிதான் பார்க்கும். ஸ்பெல் செக்கருக்கு மூன்று வடிவங்களுமே சரியான சொற்கள், எனவே சிவப்புக் கோடு வராது. இலக்கணச் சோதனை, குறியே இல்லாத சில இடங்களைப் பிடிக்கும். ஆனால் ஒரு கஸ்டமரா, நாற்பது கஸ்டமரா என்பது உங்கள் மனதில் இருக்கும் செய்தி. அது வேர்டுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. புரோகிராம்கள் ஒரு வரியைச் சொல் சொல்லாகப் பிரிக்க யூனிகோட் தரம் ஒரு பொது விதியைத் தருகிறது. இரு எழுத்துகளுக்கு இடையே நிற்கும் அபாஸ்ட்ரபியை அந்த விதி சொல்லின் உள்ளேயே வைத்துக்கொள்ளும். சொல்லின் கடைசியில் நின்றால் வெளியே தள்ளிவிடும். ஏனெனில் அது ஒற்றை மேற்கோளை மூடும் குறியாகவும் இருக்கலாம். அச்சில் அழகாக வளைந்து தெரியும் அபாஸ்ட்ரபிக்கும் மூடும் ஒற்றை மேற்கோளுக்கும் யூனிகோடில் ஒரே இடம்தான். இப்படிக் குறி உதிர்ந்துபோனால், ஒருவருடையது என்பது தப்பித்துவிடும், பலருடையது என்பது வெறும் பன்மையாகிவிடும். இது அநியாயம்தான்.

எம்.எஸ். வேர்டில் நீங்கள் செய்யக்கூடியது இதுதான். பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று புரூபிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ரைட்டிங் ஸ்டைல் அருகில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்தினால் இலக்கண விதிகளின் பட்டியல் விரியும். அதில் பொசஸிவ்ஸ், ப்ளூரல் என்று வரும் விதியில் டிக் அடையாளம் உள்ளதா எனப் பார்த்திடுங்கள். இல்லையென்றால் ஏற்படுத்திடுங்கள்.

அதைவிட எனக்குக் கைகொடுப்பது தேடுதல் கட்டம். முக்கியமான கடிதத்தை அனுப்பும் முன் கண்ட்ரோல் + எப் அழுத்தி, அபாஸ்ட்ரபி குறியை மட்டும் டைப் செய்திடுங்கள். நேர்க்குறி, வளைந்த குறி இரண்டையும் வேர்டு சேர்த்தே தேடித் தரும். ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒருவரா பலரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கடிதத்திற்கு அரை நிமிடம் ஆகும். குறியே போடாமல் விட்ட இடங்கள் இதில் சிக்காது. அவற்றுக்கு ஒருமுறை வாய்விட்டு, தமிழில் படிக்க வேண்டும்.

மொபைல் போனில் டைப் செய்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. ஆட்டோ கரெக்ட் நாம் கேட்காமலே குறியைச் செருகும். குறிப்பாக "இட்ஸ்" என்ற சொல்லில். அது உடைமைப் பொருளில் வரும்போது குறியே கூடாது. யுவர்ஸ், தெயர்ஸ் போன்றவற்றுக்கும் கூடாது.

பணமோ, ஆட்களின் எண்ணிக்கையோ சம்பந்தப்பட்ட இடங்களில் நான் இப்போது குறியை நம்புவதே இல்லை. "அட்ரஸஸ் ஆப் 43 கஸ்டமர்ஸ்" என்று எண்ணைப் போட்டு எழுதிவிடுகிறேன். சொற்றொடர் கொஞ்சம் நீளும். படிப்பவர் அவசரத்தில் படித்தாலும் 43 என்பது 43தான்.