மிதிவண்டித் திரையும் மழையும்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸை அடுத்த பகுதியிலிருந்து புறப்பட்டு, மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகத்தை அடைந்து, மீண்டும் பாரிஸ் பக்கமே திரும்பும் நெடிய மிதிவண்டிப் பயணம் ஒன்று உண்டு. 1891ஆம் ஆண்டில் பந்தயமாகத் தொடங்கிய இது, இக்காலத்தில் பரிசுப் போட்டியாக அன்றி, மன உறுதியைச் சோதிக்கும் பயணமாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. செல்ல வேண்டிய தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதனை முடிக்கத் தரப்படும் மிகுதியான காலம் 90 மணி. பகலும் இரவும், வெயிலும் மழையும் அவ்வழியில் மாறி மாறி வந்து செல்லும்.

இப்பயணத்தை மேற்கொள்வோர் தம் வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் எடை நோக்கியே தேர்ந்தெடுப்பர். மேடேறும்போது ஒவ்வொரு கிராமும் காலுக்குச் சுமையன்றோ? ஆயினும், கைப்பிடியின் நடுவே உள்ளங்கையளவான சிறு திரையொன்றைப் பலர் விரும்பிப் பொருத்துகின்றனர். விரைவு, கடந்த தொலைவு, திரும்ப வேண்டிய பாதை ஆகியவற்றை அது காட்டும். நள்ளிரவில் அது நின்றுவிடின், முன்பின் அறியாத சந்தியொன்றில் இடமா வலமா என்று தெரியாது பயணி திகைக்க நேரும். இடைவழியில் துணைவரின் உதவியைப் பெற விதி இடந்தராது; குறித்த நிலையங்களில் மட்டுமே பெறலாம். 2007ஆம் ஆண்டுப் பயணம் பெருமழையிலும் குளிர்காற்றிலும் நடந்தது. பலர் இடையிலேயே நின்றுவிட்டனர். இத்தகைய வழியில் ஒரு சிறு கருவி உயிர்த்திருக்க வேண்டுமாயின், அதற்கு இரண்டு தேவை: குறையாத மின்சாரமும், நீர் புகாத உறையும்.

முதலில் மின்சாரத்தைக் காண்போம். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை அறிந்த பின்னரே, அது எங்கிருந்து வர வேண்டும் என்று எண்ணுதல் முறை. விரைவையும் தொலைவையும் மட்டும் காட்டும் கருவிக்கு மிகச் சிறிதளவே போதும். அதன் திரை திரவப் படிகத்தால் ஆனது. தானே ஒளி உமிழாமல், தன்மேல் விழும் ஒளியைக் கொண்டே எழுத்தைக் காட்டுவது. ஆதலின் கடும் வெயிலிலும் எழுத்துத் தெளிவாகத் தோன்றும். ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள நாணய வடிவ மின்கலம் ஒன்று, 3 வோல்ட் அழுத்தத்தில் இத்தகைய கருவியைப் பல மாதம் இயக்கவல்லது. மின்தாள் எனப்படும் வேறொரு வகைத் திரையும் உண்டு. எழுத்து மாறும்போது மட்டுமே அது மின்சாரத்தைக் கொள்ளும். ஆயின் அதன் மாற்றம் மெதுவானது. குளிரில் இன்னும் மெதுவாகும்.

நிலப்படத்தைக் காட்டிச் செயற்கைக்கோளின் துணையால் வழிசொல்லும் கருவியின் நிலை வேறு. அது 0.3 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், 90 மணிக்கு 27 வாட்-மணி ஆற்றல் வேண்டும். ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ள லித்தியம் மின்கலம் ஒன்று 10 வாட்-மணி தரும். ஆகவே மூன்று கலங்கள் போதும். எடை 150 கிராமுக்குள் அடங்கும். ஆனால் பயணியின் வழியில் நான்கு இரவுகள் வரை குறுக்கிடும். முன்விளக்கு 3 வாட் கொண்டு 30 மணி எரியுமாயின், அதற்கு மட்டும் 90 வாட்-மணி வேண்டும். அதனை மின்கலத்திலேயே சுமந்தால் மேலும் ஒன்பது கலங்கள் சேரும். இந்நிலையில்தான் டைனமோ பயன்படுகின்றது.

சுருளின் அருகே காந்தத்தை இயக்கினால் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவ்வுண்மையே முன்சக்கரத்தின் குடத்தினுள் அமைந்த டைனமோவுக்கு அடிப்படை. மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் செல்லும்போது 6 வோல்ட்டில் 3 வாட் தருவது இதன் வழக்கமான அளவு. அம்மின்சாரம் இலவசமன்று, பயணியின் கால்களே அதற்கு விலை கொடுக்கின்றன. 3 வாட் பெறுவதற்கு ஏறத்தாழ 5 வாட் உழைப்பு செலவாகும்.

டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம். திரைக்கு வேண்டியதோ நேர்திசை மின்னோட்டம். ஆதலின் நான்கு டயோடுகள் கொண்ட திருத்தி ஒன்று இடையில் வேண்டும். அலையலையாக வரும் மின்சாரத்தை மின்தேக்கி சமன் செய்யும். இறக்கத்தில் சக்கரம் விரைந்து சுழலும்போது அழுத்தம் பலமடங்கு உயரக்கூடுமாகையால், அதனை 5 வோல்ட் அளவில் நிறுத்தும் சீராக்கியும் வேண்டும். ஏற்றத்தில் வண்டி நடையளவில் ஊரும்போது டைனமோ தளர்ந்துவிடும். அப்போது ஈடு செய்யச் சிறு லித்தியம் கலம் ஒன்று இடையில் இருத்தல் நன்று. நிரம்பிய குளம் கோடையில் வயலைக் காப்பது போல, அக்கலம் மேட்டிலே திரையைக் காக்கும்.

இனி நீரைக் காண்போம். அது மூன்று வழியாக வருகின்றது. வானிலிருந்து விழும் மழை ஒன்று. சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர் மற்றொன்று. உறையினுள் அடைபட்ட காற்றின் ஈரம் குளிரில் துளியாவது மூன்றாவது. பயணியின் நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வையையும் மறத்தல் ஆகாது. அதிலுள்ள உப்பு, மின்சாரம் ஓடும் செம்பு இணைப்புகளை விரைவில் பச்சை பூக்கச் செய்யும்.

நன்றாக மூடிய உறையினுள்ளும் நீர் புகுவதன் காரணம் வியப்பானது. வெயிலில் உறையினுள்ளிருக்கும் காற்று 45 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறியது எனக் கொள்க. திடீரென மழை பெய்து அது 15 டிகிரிக்குக் குளிர்ந்தால், காற்றின் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். இது ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தத்திற்கு ஒப்பாகும். எனவே மழைநீர் தானாகப் புகுவதில்லை. உறையே அதனை உறிஞ்சிக்கொள்கின்றது!

இதற்குரிய தடைகள் பல. மூடி பொருந்தும் இடத்தில் ரப்பர் வளையத்தை அமைத்துத் திருகுகளைச் சமமாக இறுக்குதல் வேண்டும். காற்று மட்டும் சென்றுவர, நீர் புகாத நுண்துளைச் சவ்வு ஒன்றை உறையின் அடிப்புறத்தில் ஒட்டினால், உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். மின்கம்பியை மேலிருந்து நேரே உறைக்குள் விடலாகாது. கம்பி வழியே நீர் இறங்கி வந்துவிடும். உறைக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு, பின் அடிப்புறமாக உள்ளே செலுத்தினால், நீர் வளைவின் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். உள்ளிருக்கும் மின்சுற்றுக்கு நீர் பற்றாத மெருகு பூசுதல் இரண்டாம் அரண். ஆனால் மெல்லுறை லித்தியம் கலத்தைக் கெட்டியான பசையில் புதைத்தல் தவறு. அது நாளடைவில் சிறிது பருக்கும் இயல்புடையது.

துளையிடாமலே செய்தி பெறும் வழியும் உண்டு. சக்கரத்தின் ஆரக்கம்பியில் சிறு காந்தத்தைப் பொருத்தி, கண்ணாடிக் குழலினுள் அடைத்த நாணல் போன்ற இரு தகடுகளை அருகே வைத்தால், சக்கரம் ஒருமுறை சுற்றுந்தோறும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு விலகும். காந்தவிசை பிளாஸ்டிக் சுவரைக் கடந்து செல்லும், நீர் செல்லாது.

உறைகளின் திறத்தை இரண்டு எண்களால் குறிப்பது பன்னாட்டு வழக்கு. ஐ.பி. 67 என்பதில் 6 தூசி புகாமையையும், 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி தாங்குவதையும் குறிக்கும். எழுத்தில் உள்ள திறம் கையில் உள்ள உறைக்கும் உண்டா என்பதைச் சோதித்தல் எளிது. கருவியை வைக்குமுன், வெற்று உறையினுள் மையொற்றுத் தாளை இட்டு மூடி, சிறிது நேரம் வெயிலில் வைத்து, பின் குளிர்ந்த நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்த வேண்டும். அரைமணி கழித்துத் திறக்கும்போது தாள் உலர்ந்திருந்தால் அவ்வுறையை நம்பலாம்.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால் ஓர் உண்மை புலனாகும். தேவையைச் சுருக்கினால் மின்கலம் சிறிதாகும். மின்கலம் சிறிதானால் எடை குறையும். கம்பிகள் குறைந்தால் துளைகள் குறையும். துளைகள் குறைந்தால் நீருக்கு வழியில்லை. கருவிக்கு வலிமை தருவது உறையின் பருமன் அன்று. அதனை அமைத்தவனின் முன்யோசனையே. வீட்டில் வாளி நீரில் கண்ட குறை திருத்தக்கூடியது. நள்ளிரவு மழையில், துணையற்ற வழியில் காணும் குறையோ பயணத்தையே முடித்துவிடும்.