கைக்குட்டையும் கணையாழியும்

காதல் துன்பியல் நாடகமொன்று வேற்றுமொழி மேடையேறும்போது, அவையோரின் ஏற்பு சிலவேளை ஒரு சிறு பொருட்பெயரைச் சார்ந்து நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ இதற்குத் தக்க சான்று. கணவன் காதற்பரிசாகத் தந்த கைக்குட்டை மனைவியிடமிருந்து தவறிப் பிறன் கையில் காணப்படுகிறது, அவள் கொலையுண்கிறாள். ஒரு துணித்துண்டுக்காக ஓர் உயிர் போவதை அவை நம்பியாக வேண்டும். சிரித்துவிட்டால் நாடகம் அங்கேயே முடிந்தது.

பிரெஞ்சு மேடையில் இந்த இடர் வெளிப்படையாகவே நேர்ந்தது. 1792இல் அதனைத் தழுவி எழுதிய துசி, கைக்குட்டையை வைரத் தலையணியாக மாற்றினார். இறுதிக் கொலையை அவையோர் தாங்காமை கண்டு இன்பமுடிவு ஒன்றையும் எழுதிச் சேர்த்தார். 1829இல் வின்யி அச்சொல்லை உள்ளவாறே பாரிஸ் மேடையில் ஒலிக்கச் செய்தபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. ‘மூஷ்வார்’ என்னும் அப்பெயர் மூக்குச் சிந்துதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. தமிழ்க் ‘கைக்குட்டை’க்கு அவ்விழுக்கு இல்லை, ஆயின் காதற்பரிசு என்னும் கனமும் இல்லை.

அவ்வாறாயின் ‘கணையாழி’ என மாற்றலாமே எனத் தோன்றும். இங்குதான் எச்சரிக்கை தேவை. புணேயில் 1880இல் கிர்லோஸ்கரின் ‘சங்கீத் சாகுந்தல்’ அரங்கேறியது; 1890இல் தேவல் ஒதெல்லோவை ‘ஜுஞ்ஜார்ராவ்’ எனத் தழுவி அளித்தார். பத்தாண்டு இடைவெளியில் மராத்தி மேடை கண்ட இவ்விரு கதைகளும் அடையாளப் பொருளை எதிரெதிராகக் கையாள்வன. சகுந்தலையின் மோதிரம் மீளக் கிடைத்தால் காதலர் கூடுவர். டெஸ்டிமோனாவின் கைக்குட்டை வேறிடத்தில் கிடைத்தால் அவள் மடிவாள். அனுமன் சீதைக்குக் காட்டிய கணையாழியும் கூடலுக்கே முன்னறிவிப்பு. எனவே ‘கணையாழி’ என்ற சொல்லைக் கேட்கும் இந்திய அவை, ஹடப்சர் அரங்கிலாயினும் சென்னை சபாவிலாயினும், தன்னையறியாமல் மறுசந்திப்பை எதிர்நோக்கும்.

பின்னாளைய திரைத்தழுவல்கள் இதனை உணர்ந்தன போலும். மலையாளக் ‘களியாட்டம்’ (1997) பட்டுத்துணியையும், இந்தி ‘ஓம்காரா’ (2006) இடையணியையும் கொண்டன. இரண்டும் பெண்ணின் உடலோடு ஒட்டியவை.

என் கருத்தில், பெயரை மாற்றுவதினும் மூலத்தில் அதற்குக் கனமூட்டும் பேச்சைக் காத்தலே முதற்பணி. எகிப்தியப் பெண்ணொருத்தி தன் தாய்க்குத் தந்தது, இழையில் மந்திரம் உடையது என்று ஒதெல்லோ விரித்துரைக்கும் இடம் அது. மேடைச் சுருக்கம் கருதி அதனை நீக்கினால், எந்தப் பெயரை இட்டாலும் எஞ்சுவது வெறும் துணியே.