தோட்டக் காவலுக்குச் சக்கரக் குடில்

காசிமேட்டில் ஐஸ் போட்டு அடைத்த மீன், தெர்மோகோல் பெட்டியில் கெடாமல் வெளியூர் போய்ச் சேருகிறது. தெர்மோகோலில் 100-க்கு 98 பங்கு காற்றே. எனவே வெப்பம் எளிதில் ஊடுருவாது. எடையும் மிகக் குறைவு. அமெரிக்காவில் இத்தகைய தகடுகளின் மேல் துணி ஒட்டி, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் படுக்கை வண்டிகளைச் சிலர் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர்.

புழல், செங்குன்றம் பக்கத்துச் சிறு விவசாயிகள் இதே முறையில் தோட்டக் காவலுக்குக் குடில் செய்துகொள்ளலாம். ஓலைக் குடிசையைப் போகந்தோறும் பிரித்துக் கட்டும் வேலை மிச்சமாகும்.

செய்முறை

குடில் 7 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் இருந்தால் ஒருவர் படுக்கலாம். அடிச்சட்டத்தை இரும்பு ஆங்கிளில் செய்து, பழைய மொபெட் சக்கரங்கள் இரண்டைப் பொருத்தவும். ஆள் பாரம் தாங்க, தரைக்குப் பலகை போடவும். சுவருக்கும் கூரைக்கும் 2 அங்குலத் தகடு வேண்டும். கனமீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ளதாகக் கேட்டு வாங்கவும். மொத்தத் தகட்டின் எடை சுமார் 11 கிலோதான்.

தகடு தனியே வலுவற்றது. வலு துணியில்தான் இருக்கிறது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் காடாத் துணியை இருபுறமும் சுருக்கமின்றி ஒட்டவும். காய்ந்தபின், தண்ணீரில் கலக்கும் வெளிப்புற வெள்ளைப் பெயிண்டை இரண்டு முறை பூசவும். பூசாத இடத்தில் மழைநீர் பட்டால் பசை இளகும். வெயில் பட்டால் தகடு பொடியும். பெட்ரோலோ, பஞ்சர் ஒட்டும் சொலூஷனோ பட்டால் தகடு கரைந்துவிடும்.

எச்சரிக்கை

தெர்மோகோல் வேகமாகத் தீப்பிடித்து நச்சுப்புகை கக்கும். குடிலுக்குள் அடுப்பு, அரிக்கேன் விளக்கு, கொசுவத்தி, பீடி எதுவும் கூடாது. டார்ச் விளக்கும் கொசுவலையும் போதும். எதிரெதிரே இரண்டு சன்னல்கள் வைத்து, கதவு வெளிப்பக்கம் திறக்குமாறு அமைக்கவும்.

2017-இல் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்க மிதக்கவிட்ட தெர்மோகோல் தகடுகளைக் காற்று கரையில் ஒதுக்கிவிட்டது. லேசான பொருளுக்குக் காற்றே எதிரி. ஆகவே குடிலை நான்கு முளையடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டவும். புயல் எச்சரிக்கை வந்தால் அதில் தங்க வேண்டாம். எலி, எறும்பு துளைத்த இடங்களில் உடனே துணி ஒட்டவும். உடைந்த துண்டுகள் மக்காதவை. ஆடு மாடு தின்றுவிடாமல் பொறுக்கி எடுக்கவும்.

வண்டியில் பூட்டிச் சாலையில் இழுப்பதானால் டிரெய்லருக்குப் பதிவு தேவை. நிலத்துக்குள் கையால் தள்ளிச் செல்வதே சிறு விவசாயிக்கு ஏற்றது.