தசையறிந்து பயில்வோம்

தேகாப்பியாசம் செய்வோர் பலர்; எத்தசை தொழிற்படுகின்றது என்பதை அறிந்து செய்வோர் சிலரே. தசைக்கு இழுக்கத் தெரியுமேயன்றித் தள்ளத் தெரியாது. ஆதலால் மூட்டை மடக்குதற்கு ஒரு தசையும் நீட்டுதற்கு அதன் எதிர்த்தசையும் அமைந்துள்ளன.

தண்டால் எடுக்குங்கால் உடலை உயர்த்துவன முழங்கையை நீட்டும் முத்தலைத் தசையும் மார்புத் தசையுமாம். உடல் தாழும்போது முழங்கை மடங்குதலால், அப்போது இருதலைத் தசையே தொழில் செய்கின்றது என எண்ணுவோம். அது தவறு. மடக்குவது உடலின் பாரமே. முத்தலைத் தசை நீண்டுகொண்டே அப்பாரத்தைத் தாங்கி மெல்ல இறக்குகின்றது. இருதலைத் தசைக்குப் பயிற்சி வேண்டின், குறுக்குச் சட்டத்தைப் பற்றி உடலை மேலிழுத்தல் வேண்டும்.

தோப்புக்கரணத்திலும் இவ்வாறே. தாழும்போதும் எழும்போதும் முழங்காலை ஆளுவது தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை. எழும்போது இடுப்பு மூட்டை நீட்டுவது பிட்டத் தசை. முதுமையிற் கையூன்றாது எழுவதற்கு உதவுவனவும் இவையே. விளையாட்டிடத்தை விட்டு நீங்கிய பழைய மாணவராகிய நாம் புயத்தை நினைப்பினும் தொடையை மறந்துவிடுகின்றோம். விநாயகர் திருமுன் வழிபாடாகவும் வகுப்பறையிலே தண்டனையாகவும் அன்று பயின்றதனை, மூட்டு நோவில்லாதோர் இன்று விரும்பியே தொடர்வோமாக.