பள்ளிக்கூடம் திறந்தாயிற்று!

கோடை விடுமுறை முடிந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த மாவடு ஜாடியில் ஏறியாயிற்று. பாட்டி வீட்டுக்குப் போயிருந்த பிள்ளைகள் கொஞ்சம் கறுத்தும் நிறைய வளர்ந்தும் திரும்பிவிட்டார்கள். போன வருஷத்து யூனிபாரம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. காலை ஏழு மணிக்கு வீட்டில் ஒரே அமர்க்களம்! ஒரு கால் ஸாக்ஸைக் காணோம். நோட்டுக்கு அட்டை போடப் பழுப்புக் காகிதம் இல்லை.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறக்கும் தேதியைக் கல்வித் துறை குறிக்கிறது. சில வருஷங்களில் வெயில் அதைத் திருத்தி எழுதுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகள் 2023-ல் ஜூன் 12-ந் தேதியும், 2024-ல் ஜூன் 10-ந் தேதியும்தான் திறந்தன. அக்கினி நட்சத்திரம் மே மாதத்தோடு விடைபெறுவதாகப் பஞ்சாங்கம் சொல்கிறது. ஆனால் சென்னை வெயிலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் கிடையாது!

இருக்கட்டும். முதல் நாள் மாலை, பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் நாம் கேட்பது என்ன? "இன்றைக்கு என்ன பாடம் நடந்தது? டெஸ்ட் எப்போது?" என்பதுதானே? சகோதரிகளே, ஒரு பதினைந்து நாள் பொறுங்கள். அதற்குள் கவனிக்க வேண்டிய வேறு சில காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, தூக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே சற்றுப் பின்தங்கி ஓடுகிறது. தூக்கம் வருவதே நேரங்கழித்துத்தான். ஆகவே, காலையில் எழுந்திருக்கப் படும் பாடெல்லாம் சோம்பேறித்தனமல்ல. ஞாயிற்றுக்கிழமை உள்பட ஒரே நேரத்தில் எழுப்புங்கள். படுக்கும் நேரத்தைத் தினம் கால் மணி முன்னால் நகர்த்துங்கள். செல்போனுக்கு இரவில் கூடத்தில் இடம் கொடுங்கள். உங்களுடையதும் பக்கத்திலேயே இருந்தால் பிள்ளையிடம் வாதம் செய்ய வேண்டியிராது.

இரண்டாவது, மறதி. ஏப்ரலில் கடகடவென்று ஒப்பித்த சூத்திரம் ஜூனில் தொண்டையைத் தாண்டுவதில்லை. 1885-ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், அர்த்தமில்லாத அசைகளைத் தாமே நெட்டுருப் போட்டு மறதியை அளந்து பார்த்தார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறதென்றும், மறந்ததைத் திரும்பப் படிக்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கிறதென்றும் கண்டார். அமெரிக்காவில் 39 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 1996-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைந்து போகிறதாம், கணக்குத்தான் அதிகம் நழுவுகிறதாம். எனவே, "படித்ததெல்லாம் எங்கே போயிற்று?" என்று திட்டுவதில் பிரயோஜனமில்லை. போன வருஷத்துக் கணக்கில் தினம் நான்கு போடச் சொல்லுங்கள். மறந்தது திரும்பி வந்து சேரும்.

மூன்றாவது, தோழமை. ஜூன் மாதத்தில் பல பள்ளிகளில் பிரிவுகளைக் கலைத்துப் போடுவார்கள். உயிர்த் தோழி 'பி' பிரிவுக்குப் போய்விட்டால் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது சின்ன விஷயமல்ல. விடுமுறையில் பெரியவளான பெண்ணாயிருந்தால் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். புத்தகப் பையில் நாப்கின் இரண்டும் மாற்று உடையும் வைத்து, அவசரத்துக்கு எந்த ஆசிரியையிடம் சொல்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இதற்காக ஒரு நாள்கூட அவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். "உன் வகுப்பில் இன்னும் யார் வரவில்லை?" என்று கேளுங்கள்.

முக்கியமாக ஒன்பதாம் வகுப்பில். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரை, எட்டாம் வகுப்பு முடியத்தான் கைபிடித்து அழைத்து வருகிறது. அதற்கு மேல் படியேற வேண்டியது குடும்பத்தின் பொறுப்பு. விடுமுறையில் ஒர்க்‌ஷாப்பில் கைக்காசு பார்த்த பையனும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்ற பெண்ணும், "நல்ல இடம் வந்திருக்கிறது" என்ற பேச்சில் அகப்பட்ட பெண்ணும் நழுவிப்போவது இந்த ஜூன் மாதத்தில்தான். ஒரு நாள் பத்து நாளாகும். அதன்பிறகு வகுப்புக்குப் போகவே வெட்கம் வந்துவிடும்.

உங்கள் பிள்ளை ஒரு போன் செய்து, "ஏன் வரவில்லை? நோட்ஸ் தருகிறேன், வா" என்று கூப்பிடட்டும். நீங்கள் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417. பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் என்றாலோ, பதினான்கு நிரம்பாத பிள்ளை வேலைக்குப் போகிறதென்றாலோ 1098-க்குச் சொல்லலாம். இரண்டையும் சட்டம் தடுக்கிறது. அரசுப் பள்ளியில் புத்தகம், பஸ் பாஸ், மதிய உணவு எல்லாம் இலவசம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-ல் தொடங்கியது. இந்த விவரங்கள் தெரியாத தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கலாம். "வேலை அதிகமாயிருக்கிறது, உன் பெண்ணையும் ஒத்தாசைக்கு அழைத்து வாயேன்" என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். "அவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்றே, போனாளா?" என்று கேளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழுப்புக் காகிதத்தையும் கொடுத்தனுப்புங்கள். அவள் நோட்டுக்கும் அட்டை போட வேண்டுமல்லவா?